லாஸ் ஏஞ்சல்ஸ் தையல் பெண்கள் ஜெயித்தது எப்படி, நம்ம ஊர் அண்டி ஆபீஸ் பெண்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

மார்த்தாண்டம் பக்கத்து வாசகசாலை ஒன்றில் இளைஞர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுகிறார்கள். அடுத்த முறை போடப்போவது 'மேட் இன் எல்.ஏ.' என்ற ஆவணப்படம். அந்தக் குழுவில் உள்ள ஒரு பெண் என்னிடம் கேட்டிருப்பது இது: "அக்கா, படத்தில் வருகிற பெண்கள் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சிலரிடம் குடியுரிமைக் காகிதமே இல்லை. அவர்கள் எப்படி அவ்வளவு பெரிய கடையை எதிர்த்து நின்றார்கள்? எங்கள் அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில் வேலை பார்க்கிறார்கள். இந்தப் படத்தை அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்? திருப்பூருக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளால் இப்படி ஒரு வழக்குப் போட முடியுமா?"

மூன்றும் நல்ல கேள்விகள் மக்களே. இந்த மாவட்டத்தில் தொழிலாளர் வழக்குகள் பார்த்துத்தான் என் காலம் போயிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் படம். ஸ்பெயினைச் சேர்ந்த அல்முதேனா கர்ராசெதோ இயக்கியது. ராபர்ட் பஹார் கூடவே நின்று தயாரித்தார். 2007இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது, மறு ஆண்டு தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியது. எடுத்து முடிக்க 5 ஆண்டு ஆயிற்று. படத்தின் பலமே அந்த 5 ஆண்டுதான். முதலில் பேசத் தயங்கி ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண், படம் முடிவதற்குள் மைக் பிடித்துக் கூட்டத்தை நடத்துகிறாள். நடிப்பு இல்லை, வயது ஏறுவதே முகத்தில் தெரியும்.

மூன்று பெண்களைச் சுற்றிப் படம் நகர்கிறது. இருவர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், ஒருவர் எல் சால்வடாரிலிருந்து. எல் சால்வடார் பெண் மூன்று பிள்ளைகளை உறவினர்களிடம் விட்டுவிட்டு வந்தவர். 18 ஆண்டுகளாக அந்த முகங்களை நேரில் பார்க்கவில்லை. இன்னொருவர் வீட்டில் கணவனின் அடி, வேலையில் முதலாளியின் ஏச்சு, இரண்டையும் பல வருஷம் தாங்கியவர். மூன்றாமவர்தான் பிறகு இயக்கத்தில் முழுநேரமாக இறங்குகிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தையல் கூடங்களில் இவர்கள் தைத்த துணி ஃபாரெவர் 21 என்ற கடைக்குப் போயிற்று. 1984இல் அதே ஊரில் தொடங்கிய கடை அது. தொடங்கியவர்களும் கொரியாவிலிருந்து குடியேறிய தம்பதிதான்.

2001இல் அங்கே தையல் தொழிலாளர் மையம் ஒன்று தொடங்கியது. சம்பள பாக்கி என்று அங்கே வந்து சொன்ன தொழிலாளிகள் பலரும் ஒரே கடையின் துணியைத் தைத்தவர்கள் என்று தெரிந்ததும் கடையின் பேரிலேயே வழக்குப் போட்டார்கள். கூடவே "இந்தக் கடையில் துணி வாங்காதீர்கள்" என்று வாசலில் நின்று சொன்னார்கள். கடையின் பதில் ரொம்ப எளிது: "நாங்கள் துணி விற்கிறவர்கள். தைத்தது காண்ட்ராக்டர். இவர்கள் எங்கள் வேலைக்காரர்கள் இல்லை." கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இவர்கள் மேல்முறையீடு போனார்கள். மேல் நீதிமன்றம் வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2004 டிசம்பரில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. மூன்று வருஷத்துக்கும் மேல் இழுத்த விஷயம்.

கதை இவ்வளவுதான். படத்தைப் பார்த்தால் புரியும், கதையைச் சொல்லிவிட்டதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

சரி, காகிதமில்லாதவர்கள் எப்படி வழக்குப் போட்டார்கள்? நம் ஆட்கள் பலருக்கும் இது நம்பவே முடியாத செய்தியாக இருக்கும், ஏனென்றால் நமக்குத் தெரிந்த வெளிநாடு வளைகுடா. அங்கே விசா முடிந்து கல்லிவல்லியாக, அதாவது காகிதமில்லாமல் சுற்றுகிறவன் சம்பளம் கேட்டுப் போனால் முதலில் ஜெயில், பிறகு விமானம். அமெரிக்காவிலும் பிடித்து அனுப்புவார்கள், அந்தப் பயம் படம் முழுக்கப் பின்னால் நிற்கிறது. ஆனால் சட்டத்தில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. செய்து முடித்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியும் மிகைநேரக் கூலியும் கொடுத்தே ஆக வேண்டும், வேலை செய்தவரிடம் குடியுரிமைக் காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் ஒரு கசப்பான தீர்ப்பைக் கொடுத்தது. சங்கம் சேர்த்ததற்காக வேலையை விட்டுத் துரத்தப்பட்ட ஆவணமற்ற தொழிலாளிக்கு, அவர் வேலை செய்யாமல் இருந்த நாட்களுக்கான கூலியை முதலாளி தர வேண்டியதில்லை என்றது அது. அப்போதும் செய்த வேலைக்கான கூலியில் கைவைக்கவில்லை.

இதில் நியாயம் மட்டும் இல்லை, நடைமுறை அறிவும் இருக்கிறது. காகிதம் இல்லாதவனுக்குக் கூலி கொடுக்க வேண்டாம் என்று சட்டம் சொன்னால், எந்த முதலாளியும் காகிதம் இல்லாதவனையே தேடிப் பிடித்து வேலைக்கு வைப்பான். உள்ளூர்க்காரனுக்கும் அதோடு வேலை போய்விடும். குடியேறியவனின் கூலியைக் காப்பதுதான் உள்ளூர்க்காரனின் கூலியையும் காக்கும் வழி. இதைத் திரையிடும் அன்றைக்கு யாராவது எழுந்து சொல்ல வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது கூலிக் கணக்கு. அந்தத் தையல் கூடங்களில் பீஸ் ரேட்தான், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஒரு தையலுக்கு 10 சென்ட், ஒரு நாளில் 10 மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் 300 தையல் முடிக்கிறாள் ஒரு பெண். கையில் கிடைப்பது 30 டாலர். அப்போது, 2002இல், கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.75 டாலர். 8 மணி நேரத்துக்கு 54 டாலர். எட்டுக்கு மேல் போன 2 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 20.25. ஆக 74.25 டாலர் வர வேண்டியவளுக்கு வந்தது 30. அந்த 44.25 டாலர் அவளுடைய பணம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்றால் வருஷத்துக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணம் காணாமல் போகவில்லை, சட்டையின் விலை குறைவாக இருப்பதில் இருக்கிறது, கடையின் லாபத்தில் இருக்கிறது.

இதே விதி நம் நாட்டிலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பீஸ் கணக்கில் வேலை செய்தாலும், அந்தத் தொழிலுக்கு நாள் கூலி நிர்ணயித்திருந்தால் அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

அண்டி ஆபீசுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். உடைப்பு, தோலுரிப்பு, தரம் பிரிப்பு என்று மூன்று கை மாறுகிறது பருப்பு. உடைக்கிற பெண்ணின் விரல் நுனியைப் பார்த்தால் தொழிலைச் சொல்லிவிடலாம். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலை அரித்துக் கருக்கிவிடும். தேய்ந்த ரேகையால் ஆதார் இயந்திரத்தில் கைவைத்தால் பதியாது, ரேஷன் கடையில் திரும்ப அனுப்புவார்கள். இவ்வளவுக்கும் கூலி எடைக்கணக்கில். பருப்பு உடையாமல் முழுசாக வந்தால் ஒரு மாதிரி, நொறுங்கினால் ஒரு மாதிரி. நொறுங்கியது வறுத்த பதம் சரியில்லாததால் என்றாலும் கழிவு உடைத்தவள் தலையில் விழும். தராசு முதலாளி பக்கம், கணக்கு நோட்டும் முதலாளி பக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் தையல் கூடத்துக்கும் இந்த உடைப்புக் கொட்டகைக்கும் துணியும் பருப்பும்தான் வித்தியாசம்.

உங்கள் அம்மா ஏன் பார்க்க வேண்டும் என்றால், இதற்காகத்தான். அவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்துப் பாவம் என்று சொல்லப்போவதில்லை. "அங்கேயும் இப்படியா?" என்று கேட்பார்கள். நான் முந்திரித் தொழிலாளர் பெண்களோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தபோது அப்படித்தான் நடந்தது. அழுகிற காட்சிகளில் பேசாமல் இருந்தார்கள். கணக்கைப் பற்றிப் பேசும் இடங்களில் கொட்டகையே சத்தமாகிவிட்டது.

இப்போது வழக்கின் மையத்துக்கு வருகிறேன். படத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அவர்கள் காண்ட்ராக்டரின் பேரில் மட்டும் வழக்குப் போட்டிருந்தால் எளிதாக ஜெயித்திருப்பார்கள், ஆனால் ஒரு சல்லிக்காசு வந்திருக்காது. அந்தத் தையல் கூடக்காரன் ஒரு கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவன். தீர்ப்பு வருவதற்குள் மெஷினை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவில் வேறு பெயரில் பலகை மாட்டிவிடுவான். அவனுக்கும் கடை கொடுக்கிற விலை அப்படி. அந்த விலையில் சட்டப்படி கூலி கொடுத்தால் அவனால் தொழில் நடத்த முடியாது. ஆகவே விலையை நிர்ணயிக்கிறவன் யாரோ அவனிடம் போக வேண்டும். துணியின் கழுத்துக்குள் யார் பெயர் தைத்திருக்கிறதோ அவன்தான் விலையை நிர்ணயிக்கிறான்.

இந்த யோசனை அவர்களுக்கு வானத்திலிருந்து விழவில்லை. 1995 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே எல் மான்டே என்ற இடத்தில், முள்வேலி போட்ட குடியிருப்பு ஒன்றில் 72 தாய்லாந்துத் தொழிலாளிகளைப் பூட்டி வைத்துத் தைக்க விட்டிருந்தது வெளியே வந்தது. சிலர் வருஷக்கணக்காக வெளியே வரவில்லை. அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்கள் அடைத்து வைத்தவர்களோடு நிறுத்தவில்லை, துணி யாருக்குப் போயிற்றோ அந்த உற்பத்தியாளர்களையும் கடைகளையும் இழுத்தார்கள். 40 லட்சம் டாலருக்கு மேல் சமரசத் தொகை வந்தது. அதற்குப் பிறகு 1999இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது: காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்ன உற்பத்தியாளர் பொறுப்பு. பெரிய கடைகள் அதில் ஒரு சந்து கண்டுபிடித்தன. நாங்கள் உற்பத்தியாளர் இல்லை, விற்பனையாளர் என்றன. படத்தில் நடக்கிற சண்டை முழுக்க அந்தச் சந்துக்குள்தான் நடக்கிறது.

அந்தச் சந்தினை அடைக்க, சமரசத்துக்குப் பிறகு இன்னும் 17 வருஷம் ஆயிற்று. 2021இல் கலிஃபோர்னியா ஒரு புதுச் சட்டம் நிறைவேற்றியது. 2022 ஜனவரி 1 முதல் தையல் தொழிலில் பீஸ் ரேட்டே கூடாது, மணிக்கணக்கில்தான் கூலி. துணி தைக்கச் சொல்கிற பிராண்டும் கூலி பாக்கிக்குப் பொறுப்பு. அதற்காக முன்னால் நின்றதில் படத்தில் வரும் அதே தொழிலாளர் மையமும் உண்டு. திரையிடும்போது இந்தச் செய்தியைச் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் படம் முடியும்போது இது நடக்கவில்லை. பார்க்கிறவர்கள் "மூன்று வருஷம் அலைந்து ஒரு சமரசம்தானே" என்று எழுந்து போய்விடக்கூடாது.

நம் பக்கம் என்ன நிலைமை? 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே, காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது காண்ட்ராக்டர் மூலம் வேலை வாங்குகிற நிறுவனம் கொடுக்க வேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நல்ல விதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது தொடர்கிறது. ஆனால் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தால் பொருந்தும் என்று இருந்ததை 50 ஆக்கிவிட்டார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. நம் மாவட்டத்தில் 50 பேரை வைத்து வேலை வாங்கும் காண்ட்ராக்டர் எத்தனை பேர்? செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் பதினைந்து பேர், இருபது பேர் கொண்ட குழுக்கள்தானே அதிகம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஒரு பனியன் கம்பெனி தன் வளாகத்துக்குள் காண்ட்ராக்டர் மூலம் ஆள் வைத்தால்தான் இந்தப் பொறுப்பு. துணியை வெட்டி வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிட்டால், அங்கே தைக்கிற பெண் அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளி ஆகமாட்டாள். அந்தக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பிராண்டு இன்னும் தூரத்தில் நிற்கிறது. கலிஃபோர்னியாவில் அடைத்த சந்து இங்கே அகலத் திறந்து கிடக்கிறது.

அதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்றும் இல்லை. படம் வந்து 15 வருஷம் கழித்து, 2022இல், திண்டுக்கல்லில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண், மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். அது 2021 ஜனவரி. அதற்குப் பிறகு தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து போராடியது. தலித் பெண்கள் தலைமை தாங்குகிற சங்கம் அது. ஆலை நிர்வாகத்தோடும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளோடும் ஒப்பந்தம் போட்டார்கள். பாலியல் தொல்லை, சாதிக் கொடுமை பற்றிப் புகார் செய்தால் விசாரித்துத் தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் பிராண்டு வாங்குவதைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும், பிராண்டுகளுக்கு இது சட்டப்படி கட்டுப்பாடு. தானாக முன்வந்து கொடுக்கிற நல்லெண்ண வாக்குறுதி இல்லை. திருப்பூருக்கோ திண்டுக்கல்லுக்கோ போகிற பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். லாஸ் ஏஞ்சல்ஸ் பெண்கள் தட்டிய கதவை இவர்கள் நம் மாநிலத்திலேயே தட்டித் திறந்திருக்கிறார்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. நம்ம ஊர்ப் பிள்ளைகளால் வழக்குப் போட முடியுமா? முடியும். ஆனால் எதில் தோற்கிறார்கள் என்று ஒரு சம்பவம் சொன்னால் புரியும்.

குளச்சல் பக்கத்துப் பெண் ஒருத்தி திருப்பூரில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் ஓவர்லாக் அடித்தாள். தினமும் ஒன்றரை ஷிஃப்ட், காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை "பார்ட்டி பணம் வரவில்லை" என்று நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை போனால் பூட்டுத் தொங்குகிறது, காண்ட்ராக்டர் போன் அணைந்திருக்கிறது. ஊருக்கு வந்து என்னிடம் அழுதாள். அடையாள அட்டை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, பணம் எப்போதும் கையில்தான். ஆனால் அவளிடம் ஒரு சின்ன டைரி இருந்தது. தேதி, எத்தனை பீஸ், என்ன சைஸ், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று அன்றன்றைக்கு எழுதியிருந்தாள். கூடவே செல்போனில் மெஷின் பக்கத்தில் நின்று எடுத்த சில படங்கள், துணிக்கட்டில் ஒட்டியிருந்த சீட்டு அதில் தெளிவாகத் தெரிந்தது. யாருக்குத் தைத்த துணி என்று கண்டுபிடிக்க அந்தச் சீட்டுத்தான் உதவியது. ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு எழுதினோம், தொழிலாளர் துறையில் மனுப் போட்டோம். வேலை நடந்த ஊரில்தான் விசாரணை என்பதால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளும் அவளுடைய அம்மாவும் நாகர்கோவிலில் இரவு ரயில் ஏற வேண்டியிருந்தது. பாக்கியில் பெரும்பகுதி வந்தது. அவளோடு வேலை செய்த மற்றவர்களுக்கு வரவில்லை. அவர்கள் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை, வாய்தாவுக்கும் வரவில்லை.

இப்போது சட்டம் இதில் கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, கூலி கொடுக்கவில்லை என்று தொழிலாளி மனுப் போட்டால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. மனுப் போட 3 ஆண்டு அவகாசம் உண்டு. வேலையை விட்டு நின்றாலும் நீக்கினாலும் 2 வேலை நாளுக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே வேலை செய்தேன் என்பதைக் காட்ட ஏதாவது ஒன்று நம் கையில் இருந்தாக வேண்டும். டைரி, போட்டோ, வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசர் அனுப்பிய "நாளைக்கு சீக்கிரம் வா" என்ற செய்தி, விடுதியில் ஒன்றாகத் தங்கிய தோழியின் சாட்சியம், எதுவானாலும் சரி. பிள்ளைகளைத் திருப்பூருக்கு அனுப்புகிற தாய்மார்கள் துணிமணியோடு ஒரு நோட்டும் பேனாவும் வைத்து அனுப்புங்கள் என்று நான் எங்கே போனாலும் சொல்கிறேன்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்ற பயமும் வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் அப்படியே. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

சட்டம் போதுமா என்றால் போதாது. படத்தில் அதையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். வழக்கு தள்ளுபடியான பிறகு வருகிற பகுதியைக் கவனித்துப் பாருங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள். கடை வாசலில் நிற்க ஆள் கிடைப்பதில்லை. வீட்டில் கணவன் முறைக்கிறான். இயக்கத்துக்குள்ளேயே மனத்தாங்கல். சங்கம் நடத்திப் பழகிய எவரும் அந்தக் காட்சிகளைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அடிபடுகிற மனைவியாக இருந்தவர் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே ஒரு முடிவு எடுப்பதும் இந்தக் காலத்தில்தான். முதலாளியிடம் "இது என் கூலி" என்று சொல்லப் பழகிய நாக்கு வீட்டிலும் பேசத் தொடங்குகிறது. சங்கத்துக்கு வருகிற பெண்களிடம் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சங்க வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், பாக்கி வசூலானதைவிட.

இயக்கத்தில் முழுநேரமாக இறங்கிய அந்த மூன்றாமவர் நியூயார்க்குக்குப் போய், நூறு வருஷத்துக்கு முந்தைய தையல் கூடங்களின் புகைப்படங்களைப் பார்க்கிற ஒரு இடம் வரும். படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். அதைக் கடந்துபோக விடாதீர்கள், நிறுத்திக் கொஞ்சம் விளக்குங்கள். 1911 மார்ச் 25இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த இளம்பெண்கள். வெளியே போகிற கதவு பூட்டியிருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் அந்த ஊர்ச் சட்டைத் தொழிலாளர் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். தீக்குப் பிறகுதான் தீத்தடுப்புச் சட்டங்கள் வந்தன. 2013 ஏப்ரல் 24இல் பங்களாதேஷின் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். சுவரில் விரிசல் விட்டதை முந்தின நாளே பார்த்தும், மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

நம் பக்கத்துச் சரித்திரமும் இதோடு சேர்கிறது. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பின்னல் வருமானத்தில்தான் அடிமைகளாக இருந்த குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் தங்கள் விடுதலைக்கு விலை கட்டினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. அதே காலத்தில்தான் தோள்சீலைப் போராட்டமும் தொடங்கியது. மேலாடை போடும் உரிமைக்காக அடிவாங்கி, 1859இல் திருவிதாங்கூர் அரசிடம் உத்தரவு வாங்கிய பெண்களின் பேத்திகள் நாம். ஊசியும் நூலும் நம் ஊரில் வெறும் கைத்தொழிலாக இருந்ததில்லை.

பக்கத்துக் கேரளத்தையும் மறக்க வேண்டாம். கோழிக்கோட்டு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க உட்காரவிடாமல் நிற்க வைத்த பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்ணின் தலைமையில் சங்கம் வைத்துப் போராடி, உட்காரும் உரிமையை 2018இல் சட்டமாக்கினார்கள். 2021இல் தமிழ்நாடும் அதே சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றைக்கு நாகர்கோவில் ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி இருக்க வேண்டும் என்பது சட்டம். போகும்போது பாருங்கள், இருக்கிறதா என்று.

கடைசியாக, முன்னே தள்ளி வைத்த விஷயம். திரையிடும் அன்றைக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மெக்சிகோக்காரிக்குக் கைதட்டுகிற கூட்டத்தில், "நம்ம ஊர் வேலையெல்லாம் ஹிந்திக்காரன் எடுத்துக்கொண்டு போகிறான்" என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளையிலும் நாகர்கோவில் ஓட்டல் அடுப்படியிலும் வேலை செய்கிற பையன்களுக்கு, படத்தில் வருகிற பெண்களுக்கு நேர்ந்ததெல்லாம் நேர்கிறது. மொழி தெரியாது. மேஸ்திரி முன்பணத்தைக் கணக்கில் கழித்துக்கொண்டே இருப்பான். விபத்து நடந்தால் இரவோடு இரவாக ரயில் ஏற்றிவிடுவார்கள். நம் வீட்டு ஆண்கள் குவைத்திலும் பஹ்ரைனிலும் இதே பாடுபட்டு அனுப்பிய பணத்தில்தான் நம் வீடுகள் எழுந்திருக்கின்றன. அந்த வீட்டைக் கட்டிய கை ஒடிசாக்காரனுடையது. அந்தப் பையனுக்குக் குறைந்த கூலி கொடுக்கிறவரைத் தட்டிக்கேட்காமல், பையனைத் திட்டுவது எந்த விதத்திலும் சரியில்லை. முடிந்தால் இரண்டு பேரையாவது படத்துக்குக் கூப்பிடுங்கள், ஹிந்தி தெரிந்த யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும்.

திரையிடுவது பற்றி ஓரிரண்டு யோசனை. படம் பெரும்பாலும் ஸ்பானிஷ், ஆங்கில சப்டைட்டில். அண்டி ஆபீஸ் அம்மாமார்களுக்கு அது உதவாது, ஆகவே ஒருவர் முன்கூட்டியே இரண்டு முறை பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். படம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நடுவில் நிறுத்தினாலும் நேரம் இருக்கும். வார நாள் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாட்டு வேலையும் ஒதுங்கி, மூன்று மணிக்கு மேல் வைத்தால் பெண்கள் வருவார்கள். அப்புறம் பேசுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், முதலில் பேச வேண்டியது வேலை செய்கிற பெண்கள். வரும்போது கையில் இருக்கிற சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, எடை எழுதிய நோட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். தேதி முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன், சீட்டுகளை உட்கார்ந்து பார்ப்போம்.